அப்பா: ஓடிக்கொண்டிருக்கிறது

“அவளுக்கென்ன, வீட்டுலதான இருக்கா, சும்மா.”

பெங்களூரில் ஒரு சமையலறையில் சொல்லப்பட்ட இந்தச் சொற்கள், இசக்கியப்பன் அணைக்க மறந்த ஒரு வீடியோ அழைப்பின் வழியாகப் பாளையங்கோட்டை மின்வாரியக் காலனி நாலாம் தெருவில் வந்து விழுந்தபோது, அவன் தங்கை வடிவு அப்பாவின் முதுகுக்கு அடியிலிருந்து நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போயிருந்தான். திரையில் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து, கடுகு வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே, அண்ணன் மனைவி கோமதி மைனியின் குரல் வந்தது. மைனி அதைக் கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்பதுபோல, யாரோ கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் வடிவு இரண்டு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பாள்.

சும்மா இருந்த வடிவு, சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்காக, எங்கோ வெளிநாட்டில் பல் பிடுங்கும் மருத்துவர்களுக்கு யார் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்லும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்த வாரம் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது என்று எல்லோரும் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே ஆளுக்கு நாற்பது மணி நேரத்தை எடுத்து, பந்தியில் பாயசம் ஊற்றுவதுபோல ஐந்து நாளுக்கும் ஒரே அளவாக ஊற்றிவிட்டு எழுந்து போவார்கள். மேலாளர் ரகுராமும் அது பொய் என்று தெரிந்தே சரி என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தானும் எழுந்து போவார். வடிவுக்கு மட்டும் அது வரவில்லை. வாய்விட்டுப் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்குப் பொய் சொல்வது இரட்டைப் பாடு. அதனால் அவள் தனக்கென்று சின்னதாக ஒரு கருவி எழுதிக்கொண்டாள்.

அதற்கு நாழி என்று பெயர் வைத்தாள். படமில்லை, பொத்தானில்லை, நிறமில்லை. கறுப்புத் திரையும் அதில் மினுக்கும் ஒரு கோடும்தான். ‘தொடங்கு’ என்று தட்டி வேலையின் பெயரைத் தட்டினால் நேரம் ஓடத் தொடங்கும். ‘நிறுத்து’ என்றால் நிற்கும். ‘எவ்வளவு’ என்று கேட்டால் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனதென்று கூட்டிக் காட்டும். ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் ஓடும், இன்னொன்றைத் தொடங்கினால் முன்னது தானாக நின்றுவிடும் என்று அதற்கு ஒரே ஒரு விதி வைத்தாள். ஒரு மனுஷிக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதானே இருக்க முடியும் என்று அவள் நினைத்தாள்.

அவளோடு வேலை பார்த்த, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த ஆக்னஸ் முதலில் நாழியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆக்னஸிடமிருந்து குழு முழுக்கப் பரவியது. கடைசியில் ரகுராம் படிவத்தையே நிறுத்திவிட்டு, இனி நாழியில் இருப்பதுதான் வேலை, நாழியில் இல்லாதது நடக்கவே இல்லை என்று எல்லோருக்கும் எழுதி அனுப்பினார். எழுதியவள் பெயர் அதில் இல்லை. வடிவும் கேட்டுக்கொள்ளவில்லை.

மைனியின் குரல் வந்து விழுந்த அன்று, வடிவு நாழியில் புதிதாக ஒரு வேலையைச் சேர்த்தாள். அதன் பெயர் ‘அப்பா’.

அப்பா சுடலைமுத்து மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் கம்பம் ஏறியவர். ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கையோடும் காலோடும் பேச்சும் போனது, ஒரு சொல்லைத் தவிர. இசக்கி. அந்த ஒரு பெயர் மட்டும் தெளிவாக வந்தது. வடிவு கஞ்சி ஊட்டும்போது, இசக்கி. வடிவு துடைத்துவிடும்போது, இசக்கி. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் நல்ல கையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரைக் கட்டிலில் தட்டுவார். அந்த வீட்டில் அண்ணனுக்குப் பெயர் இருந்தது, அவளுக்கு டம்ளர் சத்தம் இருந்தது. வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாத நல்ல ஹெட்செட் ஒன்றைக் கம்பெனி கொடுத்திருந்தது. டம்ளர் கேட்க வேண்டுமே என்று அவள் அதை எப்போதும் ஒரு காதில் மட்டுமே மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாள்.

டம்ளர் தட்டப்படும், தொடங்கு அப்பா என்று தட்டிவிட்டு எழுவாள், புரட்டிப் போட்டு, துடைத்து, பவுடர் பூசி, கஞ்சி காய்ச்சி, ஊட்டி, வாய் கழுவி, திரும்பி வந்து நிறுத்து என்று தட்டுவாள். ஒரு வருடம் இப்படிப் போனது. வருடக் கடைசியில் ‘எவ்வளவு’ என்று கேட்டாள். இரண்டாயிரத்து அறுபத்தெட்டு மணி நேரம் என்று நாழி சொன்னது. அண்ணன் அடுத்த முறை வரும்போது ஒன்றும் பேசாமல் இந்த வரியை மட்டும் காட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு டம்ளர் தட்டப்படவில்லை, கீழே விழுந்தது. தொடங்கு அப்பா என்று தட்டிவிட்டு ஓடினாள். சுடலைமுத்து அவளைப் பார்த்தார், அல்லது அவளுக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்தார், பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து, எதையோ சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை.

தெரு கூடியது. சித்தப்பா நயினார் வந்து, பந்தலுக்கும் நாற்காலிக்கும் ஆள் அனுப்பி, பெங்களூருக்குப் போன் போட்டு, சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு உரியதையெல்லாம் முறைப்படி செய்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். டாக்டர் வந்தார், கையைப் பிடித்தார், நெஞ்சில் குழலை வைத்தார், நாடி இருக்கிறது, மூச்சு உள்ளே இருக்கிறது, வெளியே வந்த பிறகு கூப்பிடுங்கள், அதுவரை சர்டிபிகேட் தர முடியாது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போனார். பெண்கள் பாதி ஒப்பாரியை அப்படியே மடியில் முடிந்துகொண்டு காப்பி குடித்தார்கள். மாலைகள் பிளாஸ்டிக் வாளிகளில் நின்றன. முதல் நாள் போனது, இரண்டாம் நாள் போனது, மூன்றாம் நாளும் போனது, நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் லீவில் வந்திருந்த இசக்கியப்பன் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

வெள்ளிக்கிழமை என்பதால் வடிவு பழக்கத்தில் மடிக்கணினியைத் திறந்தாள். யாரோ அதை பீரோ மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி நின்றது. அப்பா: ஓடிக்கொண்டிருக்கிறது, 71 மணி. அடடா, நிறுத்த மறந்துவிட்டோமே என்று, நாழி வைத்திருக்கிற எல்லோரும் வாரத்துக்கு ஒரு முறையாவது செய்கிற தவறுதான் என்று நினைத்துக்கொண்டே ‘நி’ என்று முதல் எழுத்தைத் தட்டினாள். கட்டிலில், சைக்கிள் ட்யூப் வால்வை விரல் நுனியால் தொட்டதுபோல, அப்பாவின் நெஞ்சு ஒரு நூல் இறங்கியது. அழித்தாள். நெஞ்சு ஏறியது. மறுபடி தட்டினாள், இறங்கியது, அழித்தாள், ஏறியது. பக்கத்தில் நின்ற ஆக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்து மேசையை விட்டு நகர்த்தினாள்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. வாரியத்தில் சுடலைமுத்துவோடு வேலை பார்த்த போர்மேன் தங்கப்பழம் பந்தலில் உட்கார்ந்து எல்லோருக்கும் புரியும்படி விளக்கினார். கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் லைன் கிளியர் வாங்குவான், அதாவது நான் மேலே ஏறுகிறேன், மின்சாரத்தை நிறுத்தி வை என்று சொல்லி வாங்குகிற அனுமதி. வேலை முடிந்து இறங்கிய பிறகு அவனே நேரில் போய்த் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி மின்சாரம் விடுவார்கள். நடுவில் அமைச்சரே வந்து சொன்னாலும் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது.

“இங்க லைன் கிளியர் வாங்கினது வடிவு. அவதான் திருப்பித் தரணும். வேற ஒரு பய கைய வைக்கப்பிடாது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் மின்சாரம் போகவில்லை. மடிக்கணினி அணைந்துவிடக் கூடாது என்று தங்கப்பழம் சொல்லி, எங்கே வெட்டினாலும் நாலாம் தெருவை விட்டுவிட்டு வெட்டினார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட மின்தடை இல்லை. மாவு மில்காரர் தன் மில்லில் சுடலைமுத்துவின் படத்தை மாட்டினார். பிறகு யாரோ, உயிரோடிருக்கிறவர் படத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்றதும் பொட்டை மட்டும் அழித்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, பங்காளிகள் பத்துப் பேர் பந்தலில் கூடினார்கள். நயினார் சித்தப்பா வடிவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் பிறந்ததிலிருந்து அதுவரை கேட்டிராத குரலில் பேசினார். ஆவணி இருபதில் தன் மகளுக்குக் கல்யாணம் குறித்தாயிற்று. பத்திரிகை அடித்தாயிற்று. பங்காளி வீட்டில் துட்டி விழுந்தால் பதினாறு நாள் தீட்டு, முகூர்த்தம் போய்விடும், மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே ஒரு மாதிரி.

“ஆவணி வரைக்கும் தொடாத தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போவும்.”

அது முடிந்தால் இசக்கியப்பன் பெங்களூரில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குத் தை மாதம் பால் காய்ப்பு. பெற்ற அப்பன் செத்தால் ஒரு வருடத்துக்குப் பால் காய்க்க முடியாது. இடையில் ஒருவருக்குச் சடங்கு வீடு, ஒருவருக்கு மொட்டை, ஒருவருக்குப் பழனி மாலை. சித்தப்பா ஒரு கோடு போட்ட தாளில் எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதிப் பந்தல் காலில் ஒட்டினார். சாவுக்குப் போட்ட பந்தல் பிரிக்கப்படவே இல்லை. ஆவணியில் அதே பந்தலில் வண்ணத்துணி சுற்றி, வாழை கட்டி, சித்தப்பா மகளுக்குத் தாலி கட்டினார்கள். மணமக்கள் உள்ளே வந்து, மூச்சை இழுத்து வாய் திறந்து படுத்திருந்த பெரியவர் காலில் விழுந்து எழுந்தார்கள். அட்சதையில் கொஞ்சம் அவர் வாய்க்குள் விழுந்தது. வடிவு ஈரத்துணியால் ஒவ்வொரு அரிசியாக எடுத்தாள்.

மூச்சு நின்றாலும் அவருக்கு நகம் வளர்ந்தது, தாடி வளர்ந்தது. மூடாத கண்ணில் தூசி படிந்தது. அவள் மழித்துவிட்டாள், நகம் வெட்டினாள், மணிக்கொரு தரம் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள், முதுகு புண்ணாகாமல் புரட்டினாள். இடையில் பல் மருத்துவர்களின் மென்பொருளையும் எழுதினாள், முன்னைவிடவும் அதிகமாக எழுதினாள். ஆனால் நாழியில் இன்னொரு வேலையைத் தொடங்கினால் அப்பா நின்றுவிடுவார் என்பதால், அவள் எழுதியது எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் ஆக்னஸ் தன் கணினியில் வடிவு பெயரைப் போட்டு ஒரு வேலையைத் தொடங்கிப் பார்த்தாள். இரண்டு தெரு தள்ளி இங்கே கிழவரின் தொண்டையில் உமிழ்நீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. வடிவு போனில் கத்தி நிறுத்த வைத்தாள். பிறகு அதை யாரும் முயலவில்லை.

ஐப்பசியில் ரகுராம் கூப்பிட்டார். அவர் எப்போதும் மென்மையாகத்தான் பேசுவார்.

“உங்க நிலைமை புரியுது வடிவு. ஆனா மூணு மாசமா உங்க நேரம் எல்லாமே ஒரே வேலையில போயிருக்கு. அப்பாங்கிற ப்ராஜெக்ட்டுக்கு நம்மகிட்ட கிளையன்ட் இல்லையே.”

எழுதி அனுப்பியவற்றையெல்லாம் அவள் பட்டியலிட்டுக் காட்டினாள். அவர் அவற்றைப் பார்த்ததாகவும், நன்றாகவே இருந்ததாகவும், ஆனால் கணினி ஒப்புக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். மார்கழி முதல் வாரத்தில் வேலை போனது. ஊருக்கு வெளியே அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அது. மடிக்கணினி கம்பெனியுடையது, கூரியர்காரர் வந்து வாங்கிக்கொள்வார் என்று கடிதத்தின் கடைசி வரி சொன்னது.

வேலை போன செய்தியை யாரும் கேட்கவில்லை. மடிக்கணினி போகிற செய்தியில் பங்காளி வீடுகள் பத்தும் கலங்கிவிட்டன. இசக்கியப்பன் அன்று இரவே பஸ் ஏறி, காலையில் வந்து இறங்கினான். அவன் மோசமானவன் இல்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை வந்தான், அப்பாவின் காலைப் பிடித்துவிட்டான், அழுதான், படம் எடுத்துக்கொண்டான், தங்கைக்கு மைசூர்பாகு வாங்கி வந்தான். அன்று சட்டை மாற்றிக்கொண்டு முற்றத்தில் உலாவியபடி ரகுராமிடம் நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் பேசினான். தமிழில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும் இருந்தது அவன் குரல். வடிவு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். குடும்பம், மதிப்பு, சூழ்நிலை, மனிதாபிமானம் எல்லாம் வந்தது. போனை வைத்துவிட்டுச் சிரித்தபடி உள்ளே வந்தான்.

“தை முடிய லேப்டாப்ப வச்சுக்கலாம்னுட்டான். நல்ல மனுஷன்.”

“என் வேலையப் பத்தி?” என்று வடிவு கேட்டாள்.

அவன் உண்மையாகவே மறந்திருந்தான். அடுத்த முறை பேசுகிறேன் என்றான்.

அப்போதுதான் அவள், வெகு நாளாகக் காட்ட நினைத்ததைக் காட்டினாள். ‘எவ்வளவு’ என்று தட்டினாள். அப்பா என்ற பெயருக்கு நேரே, மூச்சு நிற்பதற்கு முன் ஓடி முடிந்தது தனியாகவும் அன்று தொடங்கி இன்னும் ஓடுவது தனியாகவும் இரண்டு வரிகள் வந்தன. முதல் வரியில் விரலை வைத்தாள். இசக்கியப்பன் குனிந்து, கண்ணாடியை மேலே தள்ளி, கவனமாகப் பார்த்தான்.

“இதுல இப்ப ஓடுறது எது? ரெண்டாவதா? இத வேற எங்கயாச்சும் காப்பி எடுத்து வச்சிருக்கியா? எடுத்து வையி வடிவு.”

அவன் போன பிறகு ஆக்னஸ் வந்தாள். நிறுத்திவிட்டுப் போ, இது என்ன பாவம், அந்த மனுஷரையும் விடு, உன்னையும் விடு, எனக்குத் தெரிந்த கம்பெனி ஒன்று கோயம்புத்தூரில் இருக்கிறது, தை முடியுமுன் வரச் சொல்கிறார்கள், இதைவிட்டால் அதுவும் போகும் என்றாள். பங்காளிகளுக்காக அல்ல, பால் காய்ப்புக்காக அல்ல, வடிவு ஐந்து மாதமாக எதற்காக நிறுத்தவில்லை என்பதை முதலும் கடைசியுமாக ஒருத்தியிடம் சொன்னாள்.

“என்னமோ சொல்லத்தான் மூச்ச இழுத்தாரு. நிறுத்தினா அது வெளிய வரும். எம் பேரு வந்தாச் சரி. அவன் பேரு வந்தா நான் என்ன செய்ய?”

இருவரும் அந்தத் திறந்த வாயைப் பார்த்தார்கள். அதிலிருந்து எந்தப் பெயரும் வரலாம்போல இருந்தது.

தை பிறந்தது. பால் காய்ப்புக்கு முதல் நாள் தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. பட்டுப்புடவைகளும் முறுக்கு டின்களும் சீர்த்தட்டுகளும் ஏறின. தங்கப்பழமும் ஏறினார். நயினார் சித்தப்பா கடைசியாக ஏறுமுன் வீட்டு வாசலுக்கு வந்து, பந்தல் காலில் இருந்த தாளில் ஒரு வரியை அடித்துவிட்டு, வடிவைப் பார்த்துச் சிரித்தார்.

“நீயும் வந்திருக்கலாம். என்ன செய்ய, நீ வீட்டுலதான இருக்கணும்.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இசக்கியப்பன் வீடியோவில் கூப்பிட்டான். வடிவு போனை அப்பாவின் தலைமாட்டில் சாய்த்து வைத்தாள். புது அடுப்பு, புதுப் பானை, மஞ்சள் கட்டிய கழுத்து. பால் பொங்கி வழிந்ததும் குலவைச் சத்தம் பாளையங்கோட்டை வரை கேட்டது. கோமதி மைனி திரைக்கு அருகே வந்து, நல்லாருக்கியா வடிவு, என்ன கறுத்துட்ட என்று விசாரித்து, முதல் கரண்டிப் பாலைத் திரையிலிருந்த மாமனாருக்குக் காட்டினாள். பிறகு இசக்கியப்பன் முகம் வந்தது. வியர்த்து, சந்தோஷமாக இருந்தது.

“வடிவு, ஒரு நல்ல சேதி. மைனி தம்பி பிள்ளைக்குப் பங்குனில காதுகுத்து, என் மடியில வச்சுத்தான் குத்தணும்ங்காவ. ஒங்க ரகுராம்ட்ட பேசிட்டேன். லேப்டாப் பங்குனி முடிய இருக்கட்டும்னுட்டான். நீ ஒண்ணும் கவலப்படாத. இரு, பந்தியப் பாத்துட்டு வாரேன்.”

அவன் போனை எங்கோ கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். திரை இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து இலை போடும் சத்தமும், சாம்பார் என்று ஒரு குரலும், தண்ணீர் என்று ஒரு குரலும், சித்தப்பாவின் சிரிப்பும் வந்துகொண்டிருந்தன.

வடிவு அப்பாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். மழித்த கன்னத்தைத் துடைத்தாள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டாள். அழைப்பை அணைக்கவில்லை. இங்கே எழும் சத்தம் அந்தப் பந்திக்குக் கேட்கும்படி, போனைத் தலையணை மேல், அந்தத் திறந்த வாய்க்கு நாலு விரல்கடை தள்ளி வைத்தாள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அப்பா: ஓடிக்கொண்டிருக்கிறது, நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் மணி. அதன் கீழே, ‘தொடங்கு வடிவு’ என்று தட்டினாள். பிறகு ஹெட்செட்டை எடுத்து, இரண்டு காதிலும் அழுத்தி மாட்டிக்கொண்டு, என்டரைத் தட்டினாள்.